செயின்ட் ஆண்ட்ரூஸின் மேடும் பள்ளமும்

ஞாயிற்றுக்கிழமைகளில் செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்ட் கோர்ஸில் கோல்ஃப் கிடையாது. மற்ற நாட்களில் உலகின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்து, ஒரே ஒரு ஆட்டம் கிடைக்காதா என்று காத்துக்கிடப்பார்கள். ஞாயிறன்று மட்டும் அது ஊர்க்காரர்களின் பூங்கா. நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வருகிறவர்கள், ஸ்வில்கன் ஓடையின் மேலிருக்கும் சின்னக் கல்பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் என்று கூட்டம் கலகலப்பாக இருக்கும். பெரிய போட்டிகள் நடக்கும் வாரங்கள்தான் விதிவிலக்கு. கிரீனைப் படிக்கக் கற்க நினைப்பவர் இந்த ஊருக்கு வந்து சேர வேண்டிய நாள் ஞாயிறுதான். பந்து இல்லை, மட்டை இல்லை, பின்னால் நின்று அவசரப்படுத்தும் அடுத்த குழுவும் இல்லை. தரையை மட்டும் பார்க்கலாம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைதான் கிரீன். அதில் பந்தை உருட்டிக் குழிக்குள் விழவைக்கும் அடிக்குப் பெயர் பட். பதினெட்டுக் குழிகளை 72 அடிகளில் முடிப்பது திறமையான ஆட்டக்காரருக்கு வகுத்த கணக்கு. அந்த 72-ல் ஒரு கிரீனுக்கு இரண்டு என்று 36 அடிகள் பட்டுக்கே ஒதுக்கப்பட்டவை. ஆட்டத்தின் சரிபாதி! குழியின் விட்டமோ 108 மில்லிமீட்டர், அதாவது நாலேகால் அங்குலம். எட்டடித் தொலைவிலிருந்து அதில் பந்தை விழவைக்க, அமெரிக்க பி.ஜி.ஏ. டூரின் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே ஏறத்தாழ இரண்டில் ஒரு முறைதான் முடிகிறது. மற்ற ஒரு முறை தவறுவதற்குக் கை மட்டும் காரணமல்ல. தரையைப் பார்த்த பார்வையிலேயே பல பட்கள் தவறிவிடுகின்றன.

எடின்பரோவிலிருந்து வடக்கே போகும் ரயில் ஃபோர்த் கழிமுகத்தை 1890-ல் கட்டிய அந்தப் பிரம்மாண்டமான எஃகுப் பாலத்தின் மேல் கடந்து, ஒரு மணி நேரத்தில் லூகர்ஸ் என்ற சிறு நிலையத்தில் இறக்கிவிடுகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸுக்கே வந்த ரயில்பாதையை 1969-ல் மூடிவிட்டார்கள். மீதித் தூரத்துக்குப் பேருந்துதான். 1413-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், இடிந்த கதீட்ரல், மூன்று நீண்ட தெருக்கள், அவ்வளவுதான் ஊர். தெரு முடியும் இடத்தில் பதினெட்டாவது கிரீன் இருக்கிறது. வீட்டு ஜன்னலிலிருந்து ஆட்டத்தைப் பார்க்கலாம். ஃபேர்வே எனப்படும் ஆடுதரைகளில் முதலாவதற்கும் கடைசியானதற்கும் குறுக்கே ஒரு பொதுவழியே போகிறது.

ஓல்ட் கோர்ஸை யாரும் காகிதத்தில் வரைந்து கட்டவில்லை. கடல் பின்வாங்கியபோது விட்டுப்போன மணல்மேடுகள், அவற்றின் மேல் படர்ந்த புல், அதில் மேய்ந்த ஆடுகள், நூற்றாண்டுகளாக நடந்த மனிதர்கள் எல்லாம் சேர்ந்து உருவாக்கியது. 1764-ல் 22 குழிகளாக இருந்த சுற்றை 18 ஆகக் குறைத்தார்கள். மற்ற மைதானங்கள் பின்னாளில் ஏற்றுக்கொண்ட 18 என்ற எண்ணிக்கை இங்கிருந்து போனதுதான். பதினெட்டுக் குழிகளுக்கும் சேர்த்து இங்கே பதினோரு கிரீன்களே உள்ளன. நான்கு கிரீன்கள் தனித்தனி. மற்ற ஏழும் இரட்டைக் கிரீன்கள். போகும் வழியின் குழி ஒன்றும் திரும்பி வரும் வழியின் குழி ஒன்றும் ஒரே தரையைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றின் எண்களைக் கூட்டினால் எப்போதும் பதினெட்டு வரும்: இரண்டும் பதினாறும், ஐந்தும் பதின்மூன்றும், எட்டும் பத்தும்.

ஐந்தும் பதின்மூன்றும் பகிரும் கிரீன்தான் மிகப் பெரியது. முக்கால் ஏக்கருக்கும் மேல். சென்னை வீட்டுமனைக் கணக்கில் சொன்னால் பதினைந்து கிரவுண்ட். தவறான பக்கத்தில் பந்து வந்து நின்றால், நூறு கெஜத்தை நெருங்கும் பட்கூட வாய்க்கலாம். வேறு எங்கும் ஒருவர் வாழ்நாளில் அடித்திராத பட் அது. வீட்டுக்கூடத்துக் கம்பளத்தில் ஆறடி பட் பழகி வந்தவருக்கு இங்கே முதல் அதிர்ச்சி இந்த நீளம்தான்.

இரண்டாவது அதிர்ச்சி, ஊரில் கற்ற பாடங்கள் இங்கே செல்லாமல் போவது. உள்நாட்டு மைதானங்களில் கிரீனைக் கட்டுகிறவரின் முதல் கவலை மழைநீர். தண்ணீர் தேங்கினால் புல் அழுகும். அதனால் பெரும்பாலான கிரீன்களைப் பின்பக்கம் உயர்த்தி, முன்பக்கம் தாழ்த்தி, பக்கத்துக் குளத்தையோ வடிகாலையோ நோக்கிச் சாய்த்து அமைப்பார்கள். தண்ணீர் எங்கே ஓடுமோ பந்தும் அங்கே ஓடும் என்பது அங்கே நம்பத்தகுந்த சூத்திரம். இங்கேயோ அடியில் மணல். மழைநீர் ஓடுவதில்லை, நேராகக் கீழே இறங்கிவிடுகிறது. எனவே சரிவு வடிகாலுக்குக் கட்டுப்பட்டதல்ல. பதினான்காவது கிரீனின் முன்விளிம்பு செங்குத்தாக ஏறி, பிறகு ஆட்டக்காரரை விட்டு விலகிப் பின்னோக்கிச் சரிகிறது. பதினொன்றாவது அதற்கு நேர்மாறாகப் பின்னாலிருந்து முன்னால் பாய்கிறது. பன்னிரண்டாவதில் ஒடுங்கிய ஒரு திண்ணையில் குழி இருக்கும். சூத்திரத்தை மறந்துவிட்டு ஒவ்வொரு தரையையும் புதிதாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெப்ப நாட்டிலிருந்து வருகிறவருக்கு மறக்க வேண்டிய பாடம் இன்னொன்றும் உண்டு. நம் ஊர் போன்ற வெயில் பகுதிகளில் கிரீன்களில் வளர்ப்பது பெர்முடா புல். பெயரைக் கேட்டு எங்கோ தீவிலிருந்து வந்தது என்று நினைக்க வேண்டாம், பிள்ளையாருக்குச் சார்த்தும் அருகம்புல்தான் அது. கிரீனில் இருப்பது அதன் கலப்பு ரகம். அருகு படரும் புல். அதன் தண்டு ஒரு திசையில் சாய்ந்து வளரும். அந்தச் சாய்வோடு போகும் பந்து வேகமாக ஓடும், எதிர்த்துப் போகும் பந்து தயங்கும், குறுக்கே போனால் பக்கவாட்டில் இழுபடும். நிற்கும் இடத்திலிருந்து பார்க்கையில் புல் பளபளப்பாகத் தெரிந்தால் சாய்வு நம்மை விட்டு விலகிப் போகிறது என்று பொருள். கறுத்துத் தெரிந்தால் நம்மை நோக்கி வருகிறது. குழியின் விளிம்பில் எந்தப் பக்கம் புல் பிய்ந்து தேய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் புல் வளரும் திசை. சென்னையில் ஆடிப் பழகியவருக்கு இதெல்லாம் கைவந்த வித்தை. ஸ்காட்லாந்துக் கடற்கரையில் வளரும் ஃபெஸ்க்யூவும் பென்ட்டும் மெல்லிய இழைகள். அவற்றில் இந்த இழுப்பு மிகக் குறைவு. இங்கே பந்தைத் திருப்புவது சரிவும் காற்றும்.

காற்று கிரீனில் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு 2015-ல் இங்கே நடந்த ஓப்பன் போட்டியைச் சொல்லலாம். சனிக்கிழமை வீசிய காற்றில் கிரீனில் நின்ற பந்துகள் தாமாகவே நகர்ந்தன. பத்து மணி நேரத்துக்கு மேல் ஆட்டத்தை நிறுத்தி, போட்டியைத் திங்கட்கிழமைதான் முடித்தார்கள். மற்ற பெரிய போட்டிகளில் கிரீனைக் கண்ணாடி போல வழவழப்பாக்குகிறவர்கள் இங்கே மட்டும் அடக்கி வாசிப்பதற்கு இதுவே காரணம்.

அந்த வழவழப்பை அளக்கும் கருவிக்கு ஒரு கதை உண்டு. 1935-ல் அமெரிக்காவின் ஓக்மாண்ட் மைதானத்தில் யு.எஸ். ஓப்பன் நடந்தது. ஜீன் சாரசென் அடித்த ஒரு பட் கிரீனைத் தாண்டி வெளியே உருண்டு போனது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெச்சூர் ஆட்டக்காரரும் ஒருவர். தவறு ஆட்டக்காரருடையதா, தரையுடையதா என்ற கேள்வி அவரை விடவில்லை. மரத்தில் ஒரு சரிபலகை செய்தார். பந்து ஒரே உயரத்திலிருந்து ஒரே வேகத்தில் இறங்கி உருளும், அது ஓடும் தூரத்தை அடியில் அளந்தால் கிரீனின் வேகம் கிடைத்துவிடும். அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதை அலுமினியத்தில் திருத்திச் செய்து 1978-ல் மைதானங்களுக்குக் கொடுத்தது. ஸ்டிம்ப்மீட்டர் என்று இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். ஓக்மாண்ட் போன்ற இடங்களில் பெரிய போட்டிகளின்போது பதின்மூன்று, பதினான்கு அடி என்று காட்டும் கருவி, ஓல்ட் கோர்ஸில் பத்தைச் சுற்றியே நிற்கிறது.

வேகம் கூடினால் அதே சரிவு இன்னும் கொடியதாகிவிடும் என்பது இதன் மறுபக்கம். மெதுவான புல் இருந்த காலத்தில் ஆடத்தக்கதாக இருந்த பதினொன்றாவது கிரீனின் இடதுபுறம், நவீன வேகத்தில் பந்து நிற்காத இடமாகிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியின் சரிவைத் தணித்தார்கள். புனிதத் தரையில் கை வைத்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டவர்கள் பலர். கோபம் நியாயமே. ஆனால் குழி வைக்கவே முடியாத கிரீனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆக, கிரீனைப் படிப்பது என்பது முதலில் வேகத்தைத் தீர்மானிப்பது. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, மட்டையைத் தொங்கவிட்டுக் கோட்டைத் தேடுவார்கள். பந்து எந்த வேகத்தில் குழியை அடைய வேண்டும் என்று முடிவு செய்யாமல் கோடு என்று ஒன்று இருக்கவே முடியாது. வேகமாகப் போகும் பந்து சரிவுக்கு அடங்காமல் நேராகப் போகும். மெதுவாகப் போவது வளைந்துகொண்டே வரும். வேகம் குறையக் குறைய வளைவு கூடுவதால், கடைசி மூன்றில் ஒரு பங்குத் தூரமே பட்டின் தலைவிதியை எழுதுகிறது. கண் தேங்க வேண்டிய இடம் குழியைச் சுற்றியுள்ள தரை. நாசாவில் இயற்பியலாளராக இருந்து கோல்ஃப் ஆசிரியராக மாறிய டேவ் பெல்ஸ், தவறும் பந்து குழியைத் தாண்டிப் பதினேழு அங்குலம் போய் நிற்கும் வேகமே சிறந்தது என்று கணக்கிட்டார். அந்த எண்ணைப் பற்றி வாதங்கள் உண்டு. வேகத்தை முதலில் முடிவு செய் என்பதில் வாதமே இல்லை.

வேகம் முடிவானபின் சரிவைப் பார்க்கும் முறை, மட்டைப்பை சுமந்து யோசனை சொல்லும் ஓல்ட் கோர்ஸின் கேடிகளைக் கவனித்தால் விளங்கும். அவர்கள் படிக்கத் தொடங்குவது கிரீனுக்கு வெளியே, நாற்பது ஐம்பது கெஜம் முன்பாகவே. முழுத் தரையும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தொலைவிலிருந்துதான் தெரியும். பந்தின் அருகே வந்துவிட்டால் சின்னச் சின்ன நெளிவுகள் பெரிய சரிவை மறைத்துவிடும். பிறகு பந்துக்கும் குழிக்கும் நடுவே, தாழ்ந்த பக்கமாக நடந்து போகிறார்கள். புத்தகத்தை நம்மை நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெரிகிறது, அப்பால் சாய்த்தால் தெரிவதில்லை. சரிவும் அப்படித்தான், தாழ்ந்த பக்கத்திலிருந்து பார்த்தால்தான் முகம் காட்டும்.

கண்ணை நம்பாத ஒரு முறையும் இப்போது பரவியிருக்கிறது. தொலைக்காட்சி ஒளிபரப்பில் பந்து போக வேண்டிய பாதையைத் திரையில் வரைந்து காட்டும் தொழில்நுட்பத்தை உருவாக்கிய மார்க் ஸ்வீனி, அதிலிருந்து எய்ம்பாயிண்ட் என்ற பயிற்சியை வகுத்தார். பாதையின் மேல் கால்களை அகட்டி நின்று, எந்தக் காலில் பாரம் கூடுகிறது என்று உணர்ந்து, சரிவுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று மதிப்பெண் போடுவது. ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஒன்று. அந்த எண்ணுக்கேற்ப விரல்களை நீட்டி, குழிக்குப் பக்கத்தில் எவ்வளவு தள்ளிக் குறிவைப்பது என்று பார்ப்பது. 2013 மாஸ்டர்ஸ் வென்ற ஆடம் ஸ்காட் இம்முறையைப் பின்பற்றியவர். விரலைத் தூக்கிக்கொண்டு நிற்பது பார்க்கக் கொஞ்சம் வேடிக்கைதான், நேரமும் பிடிக்கிறது. ஆனால் மலைப்பாங்கான இடங்களில், பின்னணியில் தெரியும் மலையே கண்ணை ஏமாற்றிவிடும் மைதானங்களில், பாதம் பொய் சொல்வதில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஆடுகிறவர்கள் முயன்று பார்க்கலாம்.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் சில ஆண்டுகளுக்கு முன்புவரை சட்டைப்பைப் புத்தகம் வைத்திருந்தார்கள். லேசர் கொண்டு அளந்து, கிரீனின் ஒவ்வொரு பகுதியின் சரிவையும் அம்புக்குறிகளால் காட்டும் வரைபடங்கள் அவை. 2022 முதல் பெரிய டூர்கள் அவற்றைத் தடுத்துவிட்டன. தரையைப் படிப்பது ஆட்டத்தின் திறமைகளில் ஒன்று, அதை அச்சடித்துக் கொடுக்கக் கூடாது என்பது விதியாளர்களின் வாதம். நல்ல முடிவு.

இத்தனையையும் கையால் பழக ஓல்ட் கோர்ஸ் தேவையில்லை. முதல் கிரீனைத் தாண்டி, மேற்குக் கடற்கரைக்குப் போகும் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தில் இளைஞர்கள் வெள்ளுடையில் ஓடியது அந்தக் கடற்கரையில்தான். அந்த நிலத்தின் பெயர் ஹிமாலயாஸ். பெயரில் மிகை உண்டு, முற்றிலும் பொய்யில்லை. மேடும் மடுவும் குமுறிக்கொண்டு கிடக்கும் பதினெட்டுக் குழிப் பட்டிங் திடல். பட் அடிக்கும் மட்டையான பட்டரைத் தவிர வேறு மட்டைக்கு வேலையில்லை. இதை நடத்துவது செயின்ட் ஆண்ட்ரூஸ் மகளிர் பட்டிங் கிளப், 1867-ல் தொடங்கியது. பெண்கள் தோளுக்கு மேல் மட்டையை ஓங்குவது அழகல்ல என்று கருதிய காலம். உருட்டி ஆடுங்கள் என்று ஒதுக்கிக் கொடுத்தார்கள். திடலை அமைத்துத் தந்தவர் டாம் மாரிஸ். நான்கு முறை ஓப்பன் வென்றவர், ஓல்ட் கோர்ஸின் தரைக் காவலராகப் பல பத்தாண்டுகள் இருந்தவர், கிரீனில் மணல் தூவினால் புல் செழிக்கும் என்பதை நடைமுறையாக்கியவர். ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்தது ஊரிலேயே சிறந்த பள்ளிக்கூடமாக அமைந்துவிட்டது.

கோடைக்காலத்தில் சில பவுண்டுகள் கொடுத்தால் யாரும் ஆடலாம். பட்டரும் பந்தும் அவர்களே தருவார்கள். இங்கே நேர்க்கோட்டுப் பட் அரிது. ஒரு மேட்டின் உச்சியைக் கடக்கப் போதாத பந்து, அடித்தவரின் காலடிக்கே திரும்பி வரும். சற்றுக் கூடினால் மறுபக்கச் சரிவில் பாய்ந்து அடுத்த குழி ஆடுகிறவர்களிடம் போய்விடும். குழியைக் குறிவைப்பதில் பயனே இல்லை. பந்து எந்த இடத்தில் திரும்பத் தொடங்கும் என்று பார்த்து அந்தத் திருப்பத்தைக் குறிவைக்க வேண்டும், அங்கே அது எவ்வளவு களைத்துப்போய்ச் சேர வேண்டும் என்று கணிக்க வேண்டும். விலை உயர்ந்த காலணியோடு வந்த ஆட்டக்காரர்கள் குந்தி உட்கார்ந்து கணக்குப் போடுகையில், பக்கத்தில் பாட்டியோடு வந்த சிறுவர்கள் மேட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டிவிடுகிறார்கள். பல சமயம் சிறுவர்களின் பந்துதான் அருகே போகிறது. அவர்கள் பார்ப்பது தூரத்தை, கோட்டை அல்ல.

இன்னொரு பழக்கமும் இங்கே தெளிவாகத் தெரியும். சரியாகப் படிக்காதவர்களின் பந்து பெரும்பாலும் குழியின் தாழ்ந்த பக்கமாகவே தவறும். சரிவை உள்ளதைவிடக் குறைவாக மதிப்பிடுவது மனித இயல்பு போலும். தாழ்ந்த பக்கம் தவறிய பந்து குழியை விட்டு விலகிக்கொண்டே போகும். உயர்ந்த பக்கமாகப் போன பந்து குழியை நோக்கித் திரும்பிவரும், விழுந்துவிடும் வாய்ப்பு கடைசிவரை இருக்கும். மனத்துக்குத் தோன்றும் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குறிவைப்பது நல்லது.

பிறகு ஓல்ட் கோர்ஸின் பதினேழாவதற்கும் பதினெட்டாவதற்கும் வந்தால், இந்தத் தவறுகளெல்லாம் வரலாறாக நிற்கின்றன. 1978 ஓப்பனின் மூன்றாம் நாள், ஜப்பானின் டாமி நகாஜிமா பதினேழாவது கிரீனை இரண்டே அடியில் எட்டிவிட்டார். அவர் அடித்த பட் சரிவில் வழிதவறி, கிரீனின் விளிம்பைக் கடித்துக்கொண்டிருக்கும் ரோடு பங்கரில் விழுந்தது. அந்த மணற்குழியிலிருந்து வெளியே வர நான்கு அடிகள். கணக்கு ஒன்பதில் முடிந்தது. 1970-ல் டக் சாண்டர்ஸ் கடைசிக் கிரீனில் சுமார் மூன்றடி பட் ஒன்றைப் போட்டிருந்தால் கோப்பை அவருடையது. தவறினார். மறுநாள் கூடுதல் ஆட்டத்தில் ஜாக் நிக்லாஸ் 72, அவர் 73. அதே கிரீனுக்கு முன்னால் பாவப் பள்ளத்தாக்கு என்று ஊரார் பெயர் வைத்திருக்கும் குழிவு இருக்கிறது. 1995-ல் இத்தாலியின் கோஸ்டான்டினோ ரோக்கா ஒரு அடியை அவலமாகச் சொதப்பி அதில் போட்டார். அடுத்து அங்கிருந்தே பட்டரை எடுத்து, மேடேற்றி, சுமார் அறுபதடி உருட்டிக் குழியில் விழவைத்தார். கூடுதல் ஆட்டத்தில் ஜான் டேலியிடம் தோற்றாலும், அந்த ஞாயிற்றுக்கிழமையில் இன்றும் மக்கள் நினைவில் நிற்பது ரோக்காவின் பட்தான்.

2022-ல் நடந்த 150-வது ஓப்பனின் கடைசி நாள் எல்லாவற்றையும் ஒரே காட்சியில் வைத்துக்காட்டியது. முன்னணியில் நின்ற ரோரி மெக்கில்ராய் பதினெட்டுக் கிரீன்களையும் உரிய அடிகளில் எட்டினார், ஒவ்வொன்றிலும் இரண்டு பட், மொத்தம் 36. கணக்குப்படி குறையே இல்லை, கோப்பைதான் இல்லை. நான்கு அடிகள் பின்தங்கியிருந்த கேமரன் ஸ்மித் அன்று 64 அடித்தார். பதினேழாவதில் ரோடு பங்கர் அவருக்கும் குழிக்கும் நடுவே நின்றது. பந்தைத் தூக்கி அடிக்காமல் பட்டரை எடுத்தார். பங்கரைச் சுற்றிச் சரிவிலேயே வளைத்துக் கிரீனுக்கு ஏற்றினார். எஞ்சிய பத்தடியையும் போட்டார். சரிவை எதிரியாகப் பார்க்காமல் வண்டியாகப் பயன்படுத்திய அந்த ஒரு அடிக்காகவே அவருக்குக் கோப்பை தகும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். ஓல்ட் கோர்ஸ் தனியார் சொத்தல்ல, பொதுத்திடல். அதில் ஆட, ஆட்டத்திறனை எண்ணால் காட்டும் ஹேண்டிகேப் சான்று வேண்டும், இரண்டு நாள் முன்னதாகப் பெயர் கொடுத்துக் குலுக்கலில் கலந்துகொள்ளலாம். பெயர் வராவிட்டால் ஊரிலேயே 1895-ல் அமைத்த நியூ கோர்ஸும், இரண்டாண்டு கழித்து வந்த ஜூபிலியும் இருக்கின்றன. அங்கும் அதே மணல்தான், அதே காற்றுதான். பட்டிங் கற்பதே நோக்கமென்றால் குலுக்கலுக்காகக் கவலைப்பட வேண்டாம். ஹிமாலயாஸில் ஒரு மாலை ஆடினால் கிடைப்பதை ஓல்ட் கோர்ஸின் ஒரு சுற்று தருவதில்லை, கட்டணமோ அதில் சிறு துளி. கிளப் உறுப்பினர்களுக்கென்று ஒதுக்கிய நேரங்கள் உண்டு என்பதால் வாசலில் எழுதியிருக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போகவும். கோடையிலும் மழைக்கோட்டு அவசியம்.